தவமணி அக்காவின் புலம்பல் பக்கம்

ஜூன் 9, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வேலணை முழுக்கப் புழுதி. நூலகத்து யன்னல்களைச் சாத்தி, மேசைகளைத் துடைத்து, பிறகும் துடைத்து. வாசிக்க வந்தவர்கள் இருவர். ஒருவர் பேப்பர், மற்றவர் தூக்கம்.

சஞ்சிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தது. ஆசிரியர் குறிப்பு: "உங்கள் பாத்திரங்கள் கதைக்கவில்லை. எல்லோருக்கும் பதிலாக நீங்களே கதைக்கிறீர்கள்." எனக்கு நல்ல கோபம். மத்தியானம் இன்னொருமுறை வாசித்தேன். கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

நான் கதை எழுதுவது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கல்வெட்டு எழுதுகிறவள் என்றால் மண்டைதீவு வரை தெரியும். செத்தவரின் முப்பத்தோராம் நாளில் வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற புத்தகம். வரலாறு, திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் நான்தான் அழவேண்டும். ஆசிரியர் இதையும் பார்த்தால் என்ன சொல்வாரோ.

பின்னேரம் கனடாவிலிருந்து சுதனின் போன். தகப்பன் தூரத்து மலைநாட்டில், பதுளையில் கடை வைத்திருந்தவர். அங்கேயே காலமாகி, இங்கே கொண்டுவந்து தகனம். "அக்கா, ஞாயிறு முப்பத்தொண்டு. வியாழன் பின்னேரத்துக்குள்ள அச்சகத்துக்குக் குடுக்கவேணும். ஒண்டும் விடாமல் எழுதுங்கோ."

செய்ய: ஐயரிடம் திதி கேட்க. பேரப்பிள்ளைகளின் பெயர்கள். காஸ் சிலிண்டர்.

ஜூன் 10, புதன்

வெண்பா முடிந்தது. தளை ஓரிடத்தில் தட்டுகிறது. ஒருவரும் கவனிக்கப் போவதில்லை.

மனைவி புலம்பலுக்கு நேரமில்லை. ஊர்காவற்றுறையில் ஒரு வாத்தியாருக்கு எழுதியது போனில் கிடந்தது. பெயரை மாற்றினேன். நல்ல புலம்பல். அங்கே வாசித்தபோது குசினிக்குள் நின்றவர்களும் அழுதார்கள்.

சுதனின் தாய் தவமணி அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போனேன். குசினி வாசலில் கதிரை போட்டு முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "பொழுதுபட வீடுவரும் உம் காலடி ஓசை எங்கே" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆர் பிள்ளை இந்த மனுசன்?"

"அண்ணைதான் அக்கா."

"அவர் வருசத்திலை ரெண்டு தரம் வந்தவர். பொழுதுபட வாற மனுசனை எனக்கும் ஒருக்காக் காட்டும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

"என்ரை பேரிலை ஆரோ ஒருத்தியின்ரை கவலையைப் போடாதையும். அந்தப் பக்கமே வேண்டாம்."

வெட்கமாகப் போய்விட்டது. செய்ததற்கா, பிடிபட்டதற்கா, தெரியவில்லை.

காஸ் கிடைக்கவில்லை. நாளை வரும் என்றார்கள். நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

ஜூன் 11, வியாழன்

காலையிலேயே சுதனின் போன். தாய் அவனிடமும் வேண்டாம் என்றிருக்கிறார்.

"மனைவி புலம்பல் இல்லாமல் கல்வெட்டோ அக்கா? அம்மாவுக்கு அப்பாவிலை அன்பில்லை எண்டல்லோ சனம் கதைக்கும். நீங்கள் எழுதிப் போடுங்கோ. அவ வாசிக்கவே போறா."

அவன் பயப்படுவதில் பிழையில்லை. சனம் கதைக்கும்தான். ஆனால் இன்னொருத்தியின் புருஷனுக்காக அவரை அழவைக்க இனி எனக்கு மனமில்லை.

நூலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மறுபடி போனேன். இந்தமுறை எழுத ஒன்றும் கொண்டுபோகவில்லை. அதே கதிரை, இன்றைக்குப் பயற்றங்காய். நானும் கொஞ்சம் எடுத்து முறித்தேன்.

"அண்ணை பதுளையிலை நிண்ட நாளிலை இஞ்சை என்ன செய்வியள் அக்கா?"

"என்ன செய்யிறது. சமைக்கிறது."

காற்றில் தகரம் அடித்தது. நான் ஏதாவது சொல்லி இடைவெளியை நிரப்பப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிற ஆள். கடைசி பஸ் போனாப் பிறகும் ஒரு பிடி சோறு வைப்பன். விடிய அதைத் தண்ணி விட்டு நான் சாப்பிடுறது."

"இப்பவும் வைக்கிறியளோ?"

"செத்தவீடு முடிஞ்சும் கை தன்ரைபாட்டிலை எடுத்து வைச்சுது. இனி வைக்கமாட்டன்."

"இதைப் போடட்டோ அக்கா?"

பயற்றங்காயை முறித்துக்கொண்டே இருந்தார்.

"சொன்னமாதிரியே போடுவீரெண்டால் போடும். பாட்டாக்காதையும்."

வீட்டுக்கு வந்து அப்படியே தட்டினேன். மனைவி புலம்பல், இரண்டு வரி. மிச்சப் பக்கம் வெள்ளை. கை அரித்தது. மூன்றாவது வரி ஒன்று எழுதி, அழித்தேன். அது என்னுடையது.

சுதனுக்கு வட்சப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டான். அச்சகம் மூடப்போகிற நேரத்தில் கேட்டான்: "அம்மா சொன்னதோ?" ஓம் என்றேன். எழுதுகிறான் எழுதுகிறான் என்று கனநேரம் காட்டியது. கடைசியில் வந்தது ஒரே சொல். "போடுங்கோ."

ஜூன் 12, வெள்ளி

காஸ் வந்தது. புத்தகமும் வந்தது. அட்டைப் படத்தில் அண்ணை நல்ல வெள்ளை.

பயமாக இருக்கிறது. கல்வெட்டு எழுதுறவவுக்கே எழுத ஏலாமல் போச்சு என்று என்னைத்தான் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும். ஆனால் அக்காவைச் சொன்னால் தாங்கமாட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

பந்தலைக் காற்று பிய்த்தெடுக்கப் பார்த்தது. சாம்பாருக்குள் புழுதி. சுதன் வீடியோவில், யாரோ பிடித்த போனுக்குள்.

கல்வெட்டு வாசித்தது சிவநேசன் அண்ணை. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் அவர்தான், நல்ல குரல். வெண்பாவில் தட்டின இடத்தை ராகத்தால் மூடிவிட்டார். பிறகு "மனைவி புலம்பல்" என்று குரலை உயர்த்தி இழுத்தார். பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்து ஆயத்தமானார்கள்.

"கடைசி பஸ் போனாப் பிறகும் ஒரு பிடி சோறு வைப்பன். இனி வைக்கமாட்டன்."

ராகம் ஏறவில்லை. முதல் சொல்லிலேயே விட்டுவிட்டு, கதைக்கிறமாதிரித்தான் வாசித்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், திரும்பவும் வந்தார். அச்சகம் மிச்சத்தை விட்டுவிட்டது என்று நினைத்தாராக்கும், என்னைப் பார்த்தார். புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறவில்லை. ஒருவரும் அழவுமில்லை.

முன்வரிசைக் கதிரையிலிருந்து தவமணி அக்கா சொன்னார்:

"அவ்வளவுதான் தம்பி. அடுத்ததை வாசியும்."