எறாவின் புகை யார் கணக்கு

வியாழக்கிழமை, இரவு.

நாளைக்குப் பொன்னேரி கல்லூரியில் முதன்முதலாக மேடையேறுகிறேன். ஒரு பொருளைச் செய்யும்போது வரும் கரிப்புகையை, அதைச் செய்யும் நாட்டின் பெயரில் எழுதாமல், வாங்கி அனுபவிப்பவர்கள் பெயரில் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். யாருக்கும் புரியாதோ என்ற பயம். சாயங்காலம் கடலிலிருந்து திரும்பிய நைனாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அப்போ எறா புடிக்க நான் எரிச்ச டீசலு?"

"வெளிநாட்டுல அத்த துன்றவங்க கணக்கு நைனா."

"ஐஸு?"

"அதுவும் அவங்களுதுதான்."

நைனா ஏற்றுமதிக்கு எடுத்துவைத்த பெரிய எறாக்களில் இரண்டு கை அள்ளி அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னிக்கு இத்த நம்ம கணக்குல எழுதிக்கோ."

அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். நைனாவுக்கே புரிந்துவிட்டது, இனி என்ன பயம்? பேச்சின் கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. கை கழுவியும் மசாலா வாசனை போகவில்லை, தூக்கம் வருகிறது.