கை நனைக்காத விருந்து

மே 9, 1983. திங்கள்

காலையில் நல்ல வெயில். கம்பளிகளை வெளியே போட்டேன். பத்து மணிக்குள் பனிமூட்டமாக மஞ்சு இறங்கி ஏரியே தெரியவில்லை. திரும்ப எடுத்து மடித்தேன்.

மகள் ஜெயா தன் ஓட்டலிலிருந்து ஓர் அட்டை கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு விருந்து. முதலாளி எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். கீழே தொழிற்சாலை கட்டும் ஜப்பான் இன்ஜினியர்கள் சீசனுக்கு மேலே வருகிறார்களாம். அவர்களுக்காகப் பழைய பில்லியர்ட்ஸ் அறையை ஜப்பான் சாப்பாட்டு அறையாக்கி இருக்கிறார். அதை அமைத்தவரும் அங்கே சமைப்பவரும் தகேஷி என்பவர். ஜனவரியில் வந்தார். ஜெயா அதே ஓட்டலில் கணக்கும் கடிதமும் பார்க்கிறாள்.

போன மாதமே சொல்லிவிட்டாள். கட்டினால் அவரைத்தான். நாங்கள் சம்மதிக்காமல் போகமாட்டாள். வேறு யாரையும் கட்டவும் மாட்டாள். மாதக் கடைசியில் அவர் ஊருக்குத் திரும்புகிறார், தகப்பனாரின் கடைக்கு. அதற்குள் எங்கள் பதில் வேண்டும்.

அவள் அம்மா லூர்து அட்டையைத் தொடவில்லை.

"ஏங்க, அங்க போயி கை நனைச்சோம்னு வைங்க, பேசி முடிச்ச மாதிரி. அப்புறம் வாயத் தெறக்க முடியாது."

"ஓட்டல்தானே லூர்து. வீடா?"

"சமைக்கிறது யாரு? அந்தப் புள்ளதான? அப்ப அது வீடுதான்."

அவள் சொல்வதும் சரி. உதாரணத்துக்கு, நான் இவளைப் பார்க்கப் போன அன்று. பசியில் கண் இருட்டுகிறது. உள்ளே கோழிக் குழம்பு வாசம். என் அப்பா தண்ணீரோடு நிறுத்திவிட்டார். பேசி முடிந்து, இவள் அண்ணன் கையைப் பிடித்த பிறகுதான் இலை போட்டார்கள். அதற்கு முன் ஒரு வாய் சோறு தின்றிருந்தால் அதுவே சம்மதம்.

அட்டை மேசையிலேயே இருக்கிறது. போகாமல் இருக்க முடியாது. முதலாளிதான் ஜெயாவுக்குச் சம்பளம் கொடுப்பவர்.

மே 11. புதன்

லேசான தூறல். ரேடியோ பேட்டரி தீர்ந்தது. வாங்க வேண்டும்.

மச்சான் திண்டுக்கல்லிலிருந்து மதிய பஸ்ஸில் வந்து இறங்கினார். லூர்துவின் அண்ணன் சவரிமுத்து. கூப்பிட்டது அவள்தான், எனக்குச் சொல்லவில்லை. கையோடு ஒரு சம்பந்தமும் கொண்டுவந்திருக்கிறார். பாங்கில் கிளார்க், நம் கோயில்காரர்கள், ஒரே பிள்ளை.

ஜெயாவுக்குத் தாய்மாமன். அவர் சம்மதம் இல்லாமல் எங்கள் பக்கம் எந்தக் கல்யாணமும் நடக்காது. லூர்துவுக்கு அது தெரியும். ஜெயாவுக்கும் தெரியும். வந்தவரைப் பார்த்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

மச்சான்: "மாப்ள, நானும் சனிக்கெழம வர்றேன். ஆனா பச்சத்தண்ணி பல்லுல படாது. ஏத்தா லூர்து, அவுக மீனப் பச்சையா திம்பாகளாமே?"

"அடுப்பே இல்லையாம்ண்ணே."

"அடுப்பில்லாம என்ன சமையலு? அதுக்கு ஒரு சமையக்காரன், அவனுக்கு ஒரு பொண்ணு!"

சாப்பிடாமல் இருக்கக் காரணம் வேண்டுமே. உட்கார்ந்து பங்கு போட்டோம்.

லூர்து: சனிக்கிழமை, அதுவும் மாதாவுக்கான மே மாதம். ஒருசந்தி விரதம் என்று சொல்லிவிடுவது.

மச்சான்: வயிறு சரியில்லை.

நான்: பல்வலி.

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவன். வயிற்று வலி என்று வரும் பையன் எந்தக் கையை வயிற்றில் வைக்கிறான் என்பதிலேயே பொய்யைக் கண்டுபிடித்தவன். இப்போது எந்தப் பல் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 12. வியாழன்

ராத்திரி முழுக்க இடி, மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை. பால் வரவில்லை.

விருந்துக்கு மீன் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவேண்டும். வழி திறக்காவிட்டால் விருந்தே கிடையாது.

லூர்து மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். "மாதாவே வழிய அடைச்சிட்டா" என்று முணுமுணுத்தாள். ஜெயா கதவருகில் நின்றிருந்ததை நான் பார்த்தேன். லூர்து பார்க்கவில்லை.

ஜெயா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று,

"மரம் விழுந்தா வெட்டிருவாக, அம்மா" என்றாள்.

மூன்று நாளாகத் தாயும் மகளும் பேசிய ஒரே பேச்சு.

அப்புறம் லூர்து என்னிடம்: "திண்டுக்கல்லுன்னா ஒரு பஸ்சு. காய்ச்சல்னா காலைல கெளம்பி மத்தியானம் போய்ச் சேந்துருவேன். அங்கன போனா? எத்தன கடல நான் தாண்ட?"

தகேஷி ஞானஸ்நானம் பெறச் சம்மதித்து சாமியாரிடம் பேசிவிட்டாராம். அதைச் சொன்னேன். அவளுடைய கணக்கு வேதம் அல்ல, தூரம்.

மே 13. வெள்ளி

வழி திறந்துவிட்டார்கள். பேட்டரி வாங்கினேன். மச்சானுக்கு நிஜமாகவே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, தலையில் துண்டு.

வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்.

மே 15. ஞாயிறு, பூசை முடிந்து

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஜீப் அனுப்பியிருந்தார்கள். இன்ஜினியர்கள் ஏழரைக்குத்தான் வருவார்களாம். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு மட்டும்.

அறை. என்ன இருக்கும் என்று நினைத்துப் போனேனோ அது எதுவும் இல்லை. சுவரில் படம் இல்லை, விளக்குச் சரம் இல்லை. ஒரு மூலையில் ஓடைக் கருங்கல், அதில் பாசி, பக்கத்தில் ஒரே ஒரு காட்டுப் பூ. வகுப்பில் கரும்பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதி வைப்பேன். நாற்பது பேரும் அதையே பார்ப்பார்கள். அதுபோல அந்தப் பூ. நடுவில் அறையின் நீளத்துக்கு ஒரே பலகை. போன மழையில் ஏரிக்கரையில் விழுந்த சைப்ரஸ் மரமாம். வார்னிஷ் இல்லை, அவரே இழைத்தது. மர வாசம் இன்னும் இருந்தது.

பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அவர், வெள்ளை உடையில். குனிந்து வணங்கினார். ஜெயா என் பக்கத்தில்.

முதலில் வெந்நீரில் பிழிந்த சிறு துண்டுகள் வந்தன, கை துடைக்க. லூர்து கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

அவர் சோற்றை இரண்டு விரலளவு எடுத்து, அழுத்தி, மேலே சூரை மீன் துண்டு ஒன்றை வைத்து, கையாலேயே என் முன்னால் வைத்தார். செம்பருத்தி நிறம். பிறகு மற்ற இருவருக்கும்.

"அப்பா, ஒடனே சாப்பிடணும். இந்த நிமிசத்துக்குன்னு செய்யிறது" என்றாள் ஜெயா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பல்வலி என்றேன். மச்சான் வயிறு என்றார். லூர்து ஒருசந்தி என்றாள். ஜெயாவுக்கு எல்லாம் பொய் என்று தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் முகம் மாறவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டார். என்னிடம் ஏதோ கேட்டார். "எந்தப் பக்கம்னு கேக்குறாரு" என்றாள் ஜெயா.

"இடது" என்றேன். இதைவிட ஒரு பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

உள்ளே போனார். நெடுநேரம். மச்சான் என் காதில், "கோவிச்சுக்கிட்டான் போல, மாப்ள. நல்லதாப் போச்சு. கெளம்பலாமா?" என்றார். லூர்து பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தார். எனக்கு ஒரு சிறு மூடிக்கிண்ணம்: ஆவியில் வெந்த முட்டை, மெல்லவே வேண்டாம், வாயில் கரையும். மச்சானுக்குக் கஞ்சி. குழைய வெந்த வெள்ளைக் கஞ்சி, நடுவில் உப்பில் ஊறிய சிவப்புப் பழம் ஒன்று, ஊறுகாய் மாதிரி. லூர்துவுக்கு வெந்நீர் மட்டும். அதற்கு, அந்த அறையிலேயே அழகான கோப்பை.

எங்கள் மூன்று பொய்யையும் அப்படியே நம்பி, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டார்.

கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். ஆவி கண்ணாடியில் படிந்தது. என்னால் முடியவில்லை. "ஜெயா, எனக்குப் பல்வலி இல்லைன்னு சொல்லு. அந்த மீனையே வைக்கச் சொல்லு" என்றேன்.

லூர்து திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

ஜெயா சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, புதிதாக ஒன்று செய்து வைத்தார். சாப்பிட்டேன். சோறு கை வெதுவெதுப்பில், லேசான புளிப்பு. மீன் குளிர்ந்து, வெண்ணெய் மாதிரி. முள்ளும் இல்லை, வாடையும் இல்லை.

அப்போது உறிஞ்சும் சத்தம். மச்சான்! கஞ்சிக் கிண்ணம் பாதி காலி.

"அண்ணே!" என்றாள் லூர்து.

"இது சாப்பாடாத்தா? மருந்து."

இன்னொரு முறை ஊற்றினார் தகேஷி. "வெரசா, வெரசா" என்றார். அடுக்களையில் ஆட்கள் அவசரப்படுத்துவதைக் கேட்டுக் கற்ற தமிழ். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூர்து வெந்நீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை.

கிளம்பும்போது துணியில் கட்டிய ஒரு மரப்பெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "அம்மா. நாளைக்கு" என்றார், தமிழில். ஒருசந்தி முடிந்தபின் சாப்பிட. பச்சை மீன் இல்லை, எல்லாம் வெந்தது என்று ஜெயாவைச் சொல்லச் சொன்னார். வாங்காமல் என்ன செய்வாள்? வாங்கினாள்.

ஜீப்பில் மச்சான்:

"கரண்டிலதான குடிச்சேன். கை நனையலையே, லூர்து."

லூர்து பெட்டியை மடியில் நகர்த்தி வைத்தாள்.

"தாய்மாமன் கஞ்சி குடிச்சாச்சுன்னு திண்டுக்கல்லுல தெரிஞ்சா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பாங்குக்காரக வீட்டுல போய்ப் பேசுறது?" இது அவராகவே சொன்னது, ஜன்னலைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தும் லூர்து சாப்பிடவில்லை. ஒருசந்தி நிஜம். "மாதா பேரச் சொல்லிப் பொய் சொல்லுவனா? அதெல்லாம் உங்க ரெண்டு பேருக்குத்தான்."

பெட்டி மேசைமேல். பூசைக்குப் போகும்போதும் இருந்தது, வரும்போதும்.

அதே நாள், மாலை

மழை. மச்சானோடு சீட்டு. தோற்றேன்.

ஜெயா என்னிடம் வந்து, "அப்பா, நீங்க சாப்பிட்டது மரியாதைக்கா, சம்மதத்துக்கா?" என்று கேட்டாள்.

மரியாதைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "எனக்குச் சம்மதம்தாம்மா. உங்கம்மா?" என்றேன்.

இருவரும் மேசையைப் பார்த்தோம். பெட்டி இல்லை.

அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

மே 16. திங்கள்

மஞ்சு விலகி நல்ல வெளிச்சம். கம்பளிகளை மறுபடி வெளியே போட்டேன்.

அடுக்களைத் திண்டில் மரப்பெட்டி, கழுவிக் கவிழ்த்து, பக்கத்தில் துணி துவைத்து மடித்து. ஜெயா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கேட்கப் பயம். நானும் கேட்கவில்லை. லூர்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல்.

"முட்டையில சீனி தூக்கலு. அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சொல்லிக் கொடுக்கணும்."

ஜெயா அழ ஆரம்பித்தாள்.

"என்னத்துக்கு அழுகுற? வெறும் பெட்டியவா திருப்பிக் குடுக்கச் சொல்ற? நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கிடச் சொல்லு. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. எதையும் பச்சையா கேக்கக் கூடாது, ஆமா."

தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. பூண்டு உரித்தால் கண் சிவக்காது.

கடைக்கு:

கோழி ஒன்று
சீரகச் சம்பா
தேங்காய் இரண்டு
மச்சானுக்குத் தைலம்
வாழை இலை நாலு

இல்லை, ஐந்து.