நாற்பத்தொரு கழுத்துப்பட்டைகள்

நாள் 12, 06:10
செவ்வாய், வடக்குப் பண்ணை. பருவகாலக் களப்பணியாளர் பேச்சிமுத்து. வெளிமான்கள் நாற்பத்தொன்று. கண்ணாடிக் கூரை சரி, வேலி சரி, புல் முழங்கால் உயரம். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி நாற்காலி தேய்க்கும் ஜெயசீலன் சார் கேட்டார்: "மான்லாம் நல்லா நடக்குதா தம்பி?" மானை நேரில் பார்த்திராத மனிதர். மான்களின் கழுத்துப்பட்டைகள் அனுப்பும் நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகள் திரையில் நகர்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நாள் 19, 17:40
ஒன்று செத்தது. வாயில் நுரை. எழுதினால் பதினாறு பக்கப் படிவம், அதோடு யார் மாரடிப்பது? இங்கே வரும் எல்லாப் பருவக்காரர்களும் செய்வதையே செய்தேன். அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தேன். புள்ளி நகர்ந்தது. கடைசி நாளில் 'மூப்பு' என்று எழுதினால் போதும், அந்தக் கூமுட்டைகள் நம்பிவிடுவார்கள்.

நாள் 27, 18:05
செத்தவை ஏழு. எல்லாவற்றுக்கும் அதே நுரை. வேலியோரப் புல்லில் கரும்பூசணம், அதைத் தின்றவைதான் சாகின்றன. மருந்து தலைமையகத்தில் இருக்கிறது. கேட்டால் முதல் ஆறு எங்கே என்பார்கள். "சூப்பர் தம்பி, ஒண்ணுகூட சாகல!" என்கிறார் சார். நல்ல மூளை.

நாள் 38, 19:00
இருபத்தாறு. பட்டைகளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். தோள் வலிக்கிறது. அவரைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

நாள் 44, 09:20
"உங்க பண்ணைதான் தம்பி முதலிடம்! அதான் நூத்தியிருபது சினை மான் அனுப்பிட்டோம். ஊர்தி நாளன்னைக்கு வந்துரும், கதவு தானா திறந்துக்கும்."
முதல் சாவு, பூசணம், பை, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். "சீசன் முடியப்போவுதுன்னா எல்லாரும் இப்படி ஒரு கதை விடுவீங்க. திரையில நாப்பத்தொண்ணும் நடக்குதே!"

நாள் 45, 14:00
உயிரோடு நான்கு. மீதி முப்பத்தேழு பட்டைகளையும் கல்லால் நசுக்கிவிட்டேன். இனிப் புள்ளிகள் தெரியாது. ஊர்தியைத் திருப்புங்கள் சார், காலில் விழுகிறேன்.

15:30
"உங்க பக்கம் சிக்னல் கோளாறு. பயப்படாதீங்க தம்பி, பழைய கணக்கையே நான் போட்டு வெச்சுட்டேன். நாப்பத்தொண்ணு."

நாள் 46, 05:50
விடிய விடிய வேலியோரப் புல்லை அறுத்தேன். ஆறு கிலோமீட்டரில் அரை கிலோமீட்டர் முடிந்தது. கதவின் பூட்டு அவர்கள் கையில்.

11:15
கதவு திறந்துவிட்டது. கத்தி விரட்டுகிறேன். பட்டினியாக வந்தவை, எதையும் கேட்கவில்லை. இதைப் படிப்பவரே, கொன்றது நான். நாற்காலிக்காரர் இல்லை. அவரைவிட நான் கேவலமானவன், அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு மான் பக்கத்தில் வந்து என் கையை முகர்கிறது. பயமே இல்லை. வயிறு பெருத்திருக்கிறது. வேலியோரப் புல்லை நோக்கித் தலையைக் குனிகிறது. போம்மா. அந்தப் பக்கம் போ. அது வேண்டாம், அதை