பாலத்துச் சிவப்புக் கட்டை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டில் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? ஏழாம் மாதத்தில் இருக்கிறவளுக்கு இதையெல்லாம் எழுதாதே என்று உன் அப்பா தலைதலையாய் அடித்துக்கொள்கிறார். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது கண் காது வைத்து எழுதுவார்கள்.

நம் இரும்புப் பாலத்தில் ஒரு நேரம் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம், இரண்டு முனையிலும் வளைவு, அக்கரை தெரியாது என்பது உனக்குத் தெரியாததா. புராதனச் சின்னம் என்று பலகை மாட்டி, ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் இன்னமும் அந்தச் சிவப்புக் கட்டை வைத்ததுதான் சட்டம். அங்கிருந்து கடைசியாக வருகிற வண்டி கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பாலம் காலி என்று காவலாளி இங்கிருந்து வண்டி விடுவார். போன வாரம் நல்ல மழை. உன் தம்பி பால் வண்டியோடு கடைசி ஆளாக வந்தவன், காவலாளி கொட்டகைக்குள் ஒதுங்கியிருக்கவும், பாட்டுக் கேட்டுக்கொண்டே கட்டையைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டை வரவில்லையா, அப்படியானால் இன்னும் வண்டி வருகிறது என்று இங்கே எல்லோரும் நின்றார்கள். அக்கரையில் இருந்தவர்களோ, இங்கிருந்து வண்டி வரும் என்று நின்றார்கள். நடந்து போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, கண்ணைவிடக் கட்டைமேல் அவ்வளவு நம்பிக்கை. நின்றதில் ஒன்று ஆட்டோ, அதற்குள் பக்கத்துத் தெருத் தையல்காரரின் மனைவி, பிரசவ வலி, ஆஸ்பத்திரி அக்கரையில். இவன் அந்த ஆட்டோவைத் தாண்டித்தான் வந்தான், உள்ளே கூட இருந்த தையல்காரரைப் பார்த்துக் கை வேறு ஆட்டியிருக்கிறான். பால் கேனை இறக்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து கட்டை உருண்டு விழுந்தது, அவன் முகத்தை நான் பார்த்தேன். போட்டது போட்டபடி ஓடினான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், குழந்தை தக்கவில்லை.

தையல்காரர் வந்தார். வாசலிலேயே நின்று, நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்ப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு அறை விட்டிருந்தால் இவன் அழுதாவது தீர்த்திருப்பான், பாவம், அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் வருவது நியாயமா சொல். அன்றிலிருந்து உன் தம்பி வண்டியைத் தொடுவதில்லை, தட்டில் வைத்ததை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். அவன் அறைத் தாழ்ப்பாளை உன் அப்பா கழற்றி எடுத்துவிட்டார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

பாரம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, பிள்ளையும் நீயும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மறக்காமல் உன் தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. உன்மேல் தப்பில்லை என்று மட்டும் எழுதாதே, அதைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறான். நேற்றுதான் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டான். அக்கா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல பாலம் ஏதாவது இருக்காம்மா என்றான். இல்லை என்று எழுது. இருந்தாலும் இல்லை என்றே எழுது.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா