திரையில் மருமகளைக் கொளுத்திய என் அத்தைக்கு

என் ராட்சசி அத்தைக்கு,

ஊர் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். மொரப்பூர் ஸ்டேஷனில் நீங்கள் மெட்ராஸ் ரயிலை விட்டு இறங்கும்போது ஒரு கிழவி செருப்பைக் கழற்றி முகத்தில் வீசினாளே, அன்று வீட்டுக்கு வந்து, "பாத்தியா கண்ணு, எனக்கு மாலை போட்டாங்க" என்று சிரித்தவர்தானே நீங்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து டி.வி.யில் உங்கள் படம் போட்டார்கள். மருமகள் தலையில் மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சியைக் கிழிப்பீர்களே, அந்தப் படம். நம் தெருப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். "இவ செத்ததே நல்லது" என்றாள் ஒருத்தி. என்னால் தாங்க முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என் தலையைத் தடவி, "பாவம், பட்டதெல்லாம் ஞாபகம் வருது இதுக்கு" என்றாள். இவர்களிடம் நான் என்னத்தைச் சொல்ல?

அத்தனை வருடம் சினிமாவில் இருந்தீர்கள், ஒரு போஸ்டரில்கூட உங்கள் முகம் வந்ததில்லை. அடிப்பது, அடி வாங்குவது, கடைசி ரீலில் சாவது. கதாநாயகன் நிஜமாகவே அறைந்ததில் இடது காது போயிற்று. "ஒரே டேக்ல முடியணும்னா வாங்கித்தான் ஆவணும் கண்ணு, பிலிம் என்னா சும்மாவா வருது" என்பீர்கள். உங்களிடம் அறை வாங்கிய பெண்ணின் கன்னத்துக்கு, ஷாட் முடிந்ததும் நீங்களே ஐஸ் வைப்பீர்களாம். அதை எந்தக் கேமரா எடுத்தது?

நீங்கள் பெண் கேட்டு வந்தபோது கடத்தூரில் எங்கள் சொந்தக்காரர்கள் நடுங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் துணிந்து விசாரித்தார். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளைத் தேடிப் போய், மாமியார் வயிறாரச் சோறு போடுவாளா, வாய் எப்படி, கை நீட்டுவாளா என்று துருவித் துருவிக் கேட்டார். தங்கமான மனுஷி என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் தட்டு மாற்றினார். மாப்பிள்ளை கை நீட்டுவானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீங்கள் ஷூட்டிங் போனால்தான் உங்கள் மகன் அடிப்பான். நீங்கள் வீட்டில் இருந்தால் பெட்டிப்பாம்பு. "எங்கம்மா படத்துல பண்றத நான் வூட்ல பண்றன்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை உருவுவான். உங்களிடம் சொல்லவும் எனக்குப் பயம். நானும் உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே அத்தை?

அன்று ஷூட்டிங் ரத்தாகி மத்தியான ரயிலில் வந்துவிட்டீர்கள். அவன் என் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துத் தலையை ஆட்டுக்கல்லில் மோதிக்கொண்டிருந்தான். நீங்கள் பெட்டியைக் கீழே வைத்தீர்கள். மூலையில் இருந்த உலக்கையை எடுத்து அவன் கையில் ஒரே போடு. மூங்கில் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அவன் கீழே விழுந்து, "அம்மா, நான் உன் புள்ளம்மா!" என்று கதறினான்.

"தெரியும்டா. அதனாலதான் கையில போட்டன். வேற எவனா இருந்தா மண்டைய ஒடச்சிருப்பன்" என்றீர்கள்.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. கை முறிந்த மகன், தலையில் ரத்தம் ஒழுக நான், நடுவில் உலக்கையோடு நீங்கள். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? "சினிமாவுல செஞ்சது பத்தலன்னு வூட்லயும் ஆரம்பிச்சிட்டா" என்றார்கள். அத்தை என்னை அடிக்கவில்லை, காப்பாற்றினார் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "பயத்துல சொல்லுது பாவம்" என்றார்கள். சேதி கேட்டுக் கடத்தூரிலிருந்து ஓடி வந்த என் அப்பாவும் அதையே சொன்னார். ஒருவராவது என் முதுகில் இருந்த பெல்ட் தழும்பைப் பார்த்தார்களா? அவன் கட்டுப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனான். நான் அப்பாவோடு போகாமல் உங்களோடு இருந்தேன். கடைசியில் வீட்டையும் என் பெயருக்கு எழுதினீர்கள், அதற்கும் நான் பயந்து நடுங்கி உங்களுக்குச் சேவகம் செய்ததாகத்தான் பேச்சு.

இப்போது நேற்றைய சேதியைச் சொல்கிறேன். காலையில் ஊர்ப் பெரியவர்கள் உங்கள் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவும் கூட வந்தார். "குறுக்க நின்னவ போயிட்டா. இனிமேலாவது புருசனோட சேந்து பொழைங்க" என்றார்கள். மாட்டேன் என்றேன். அத்தனை பேர் முன்னால் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "கெழவி செத்துட்டா. இனி எவடி வருவா உனக்கு?"

குனிந்து அவன் கையைக் கடித்தேன் அத்தை. பல் இறங்கிற்று, வாயெல்லாம் ரத்தம். அவன் இன்னொரு கையால் என் முதுகில் குத்து குத்தென்று குத்தினான், நான் விடவில்லை. "விடும்மா, விடும்மா" என்று அப்பா கத்தினார். என்னைத்தான் விடச் சொன்னார், அவனை இல்லை. என் கையை அவன் விட்ட பிறகுதான் நான் வாயை எடுத்தேன்.

பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாமியாளுக்குத் தப்பாத மருமவ" என்று காறித் துப்பிவிட்டுப் போனார். என் பிறவியில் என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

அவன் மறுபடியும் வருவான், எனக்குத் தெரியும். பயமாகவும் இருக்கிறது, உங்களிடம் மறைப்பானேன்? ஆனாலும் இந்த வாசற்படியை அவன் தாண்டப்போவதில்லை. நான் உயிரோடு இருக்கிறவரை தாண்டப்போவதில்லை. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகனுக்கு இனி ஒன்றுமில்லாத,
உங்களுக்கு மட்டும் மருமகளான
செல்வி