மூன்றாவது மிதவை

மைசூரு
4-11-2024

அன்பு அம்மிணி சௌம்யாவுக்கு,

அண்ணி கனகா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. மெசேஜைப் பார்த்ததற்கு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. காகிதமாக இருந்தால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய் அல்லவா?

மங்களூர் கடல் பந்தயத்தில் நீ நின்றுகொண்டு துடுப்புப் போட நான் செய்து கொடுத்த போர்டு நேற்று லாரியில் பட்டறைக்குத் திரும்பி வந்தது. "மூக்கு தண்ணிக்குள்ள குத்திருச்சு, அதுலதான் விழுந்துட்டேன்" என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். உன் துடுப்பு கிளப்பிலும் அப்படியே சொல்லியிருக்கிறாய். அங்கே எனக்கு ஆர்டர் கொடுத்திருந்த மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களில் அஷ்வினி மட்டும் போன் செய்து, "சாரி அக்கா, பயமா இருக்கு" என்றாள்.

உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. தப்பு என்னுடையது என்றால் அது எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டும். பதினாலடி நீளம், இருபத்து மூன்றரை அங்குல அகலம், கத்தி மாதிரி மூக்கு, லேசாக உருண்ட அடிப்பாகம். நாம் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து முடிவு செய்ததுதானே. அலை பின்னாலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா? அதை மட்டும் எழுது. இன்னொன்று செய்து தருகிறேன்.

கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
கனகா


கோயம்புத்தூர்
19-11-2024

அண்ணிக்கு,

கன்னடத்தில் எழுதினால் எனக்குச் சுலபம். நீங்கள் தமிழில் எழுதியதால் நானும் முயற்சி செய்கிறேன், பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

இன்னொரு போர்டு வேண்டாம் அண்ணி. அடிப்பாகம் உருண்டையாக இருந்ததால் இடப்பக்கம் புரண்டுவிட்டது, அவ்வளவுதான். யார்மேலும் கோபம் இல்லை. இங்கே பனியன் கம்பெனி ஆபீசில் வேலை நன்றாகப் போகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம்தான் தெரியும். தண்ணீரே கண்ணில் படாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணனுக்கு என் அன்பு.

சௌம்யா


மைசூரு
22-12-2024

அன்பு அம்மிணிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். பிழை ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் மூக்கு குத்தியது என்றாய். என்னிடம் பக்கவாட்டில் புரண்டது என்கிறாய். இரண்டும் வேறு வேறு வியாதி. அதனால் தட்டையான அடிப்பாகமும் அகன்ற சதுர வாலும் வைத்து, இருபத்தைந்து அங்குலத்தில் இன்னொன்று செய்தேன். இரண்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வருணா கெரே ஏரிக்குப் போகிறோம்.

ஏறி நிற்பது யார் என்று நினைக்கிறாய்? நான்தான்! நீச்சல் தெரியாதவள், லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு. உன் அண்ணன் கரையில் நின்று, "ஏனுங்க கனகா, கரையோரமாவே போங்க" என்று கும்பிடாத குறையாகக் கத்துகிறார்.

தட்டை போர்டில் முதல் நாளே விழாமல் நின்றுவிட்டேன். ஆனால் அது தண்ணீரை அறைந்துகொண்டே போகிறது, சளப் சளப் என்று. உன்னுடையதில் முதல் மூன்று வாரமும் விழுந்தேன். நான்காவது வாரம் கால் அதற்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. ஒரு தரம் துடுப்பைப் போட்டேன். சத்தமே இல்லை. பனியில் கரை மறைந்துவிட்டது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் நான் எதன்மேல் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. நாமக்கோழி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே போனது, என்னைப் பார்த்து விலகக்கூட இல்லை. துடுப்பை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆகியும் போர்டு போய்க்கொண்டே இருந்தது. தூங்கிக்கொண்டே நடப்பதுபோல இருந்தது, அம்மிணி. இதைத்தானே நீ இத்தனை வருஷம் வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாய்?

சரி, வேலைக்கு வருகிறேன். அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, காற்று எப்படி இருந்தது? எழுது.

கனகா


மைசூரு
20-1-2025

அன்பு அம்மிணிக்கு,

பொங்கலுக்கு நீ வருவாய் என்று இருந்தோம். பதிலும் இல்லை.

போன வாரம் காற்று அதிகம். உன் போர்டில் ஏறிக்கொண்டு, மோட்டார் படகுக்காரரை என் பின்னால் வேகமாக ஓட்டச் சொன்னேன். அலை வந்து வாலைத் தூக்கியது, மூக்கு இறங்கியது. அவ்வளவுதான், இனி குத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே எழுந்துவிட்டது. ஏழு தரம் செய்தோம், ஏழு தரமும் எழுந்தது. ஏரி கடலாகாது, தெரியும். ஆனாலும் மேல் பூச்சைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். விரிசல் இல்லை, தண்ணீர் ஏறவில்லை.

எனக்கு இப்போது சோற்றுத் தட்டிலும் வளைவுதான் தெரிகிறது. எனக்கு ஒரு மூலை கொடுத்திருக்கும் பட்டறை முதலாளி ஹேமந்த் சார் நல்லவர். ஆனால், "யுகாதிவரைக்கும் பாருங்கம்மா, ஆர்டர் வரலைன்னா அந்த மூலையில குளியல் தொட்டி அச்சை வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். நான் கேட்பது ஒன்றுதான். எங்கே தப்புச் செய்தேன்?

கனகா


கோயம்புத்தூர்
9-2-2025

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பதினைந்து நாளாகப் பையிலேயே வைத்திருந்தேன்.

நீங்கள் எங்கும் தப்புச் செய்யவில்லை. போர்டு புரளவும் இல்லை, குத்தவும் இல்லை.

பந்தயத்தில், வழி காட்டக் கடலில் கட்டியிருந்த மூன்றாவது மிதவையைச் சுற்றித் திரும்பினேன். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். அங்கே கரை தெரியவில்லை. அலை பெரிதாகக்கூட இல்லை, மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கியது. தண்ணீர் கறுப்பாக, ரொம்ப அழகாக இருந்தது. கீழே எவ்வளவு ஆழம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததுதான் தெரியும், முழங்கால் மடங்கிவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போர்டு மட்டும் வீட்டுத் தரை மாதிரி அசையாமல் இருந்தது.

காப்பாற்றுகிற படகு வருவதைப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பயந்துவிட்டாள் என்பார்களே என்று, நானே நழுவித் தண்ணீரில் இறங்கினேன். படகில் ஏற்றியதும், "ஏனாயித்து, என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "போர்டு சரி இல்ல" என்று வாயில் வந்துவிட்டது. ஒரே ஒரு தரம் சொன்னால் போதும் என்று நினைத்தேன். பிறகு எல்லோரும் கேட்டார்கள்.

நீங்கள் நீச்சல் தெரியாமல் ஏரியில் இறங்கினீர்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சௌம்யா


மைசூரு
17-2-2025

சௌம்யாவுக்கு,

மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. உன் அண்ணன் கேட்டதற்குக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நீ பயந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கத்திக் கூப்பாடு போட்டிருப்பேன். ஆனால் மூன்று மாதமாக என் கையை நானே சந்தேகப்பட்டேன். அச்சில் கை வைக்கும்போதெல்லாம், இவளை நாம் கொல்லப் பார்த்தோமே என்று நினைத்தேன். அது உனக்குத் தெரியுமா?

என்னிடம் சொன்னது போதாது. ஹேமந்த் சாரிடம் சொல். அஷ்வினியிடமும் கிளப்பிலும் சொல். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

கனகா


கோயம்புத்தூர்
10-3-2025

அண்ணிக்கு,

ஹேமந்த் சாரிடம் போனில் சொன்னேன். "ஆயித்தம்மா, சரி" என்று வைத்துவிட்டார்.

மங்களூரில் இருக்கிற கிளப்புக்கு நேற்று நேரிலேயே போனேன். பயிற்சி முடிந்து எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதி வைத்திருந்ததைப் படிக்கலாம் என்று போனால் காகிதம் காற்றில் படபடத்தது. மடித்து வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னேன். "போர்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்." ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அஷ்வினி போகவில்லை. "எனக்கும் கரை மறைஞ்சா அப்படித்தான் ஆகுது அக்கா, யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். பிறகு இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கி, தண்ணீர் பொன் தூள் கொட்டினது மாதிரி ஆனது. நான் இறங்கவில்லை. பார்க்க முடிந்தது.

எழுத வேண்டாம் என்றீர்கள். சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை அண்ணி, கேட்க வாய் வரவில்லை.

சௌம்யா


மைசூரு
14-3-2025

அன்பு சௌம்யாவுக்கு,

நேற்று அஷ்வினி ஆர்டர் கொடுத்தாள். அவளுக்கு உன்னைவிட உடம்பு கனம். அடிப்பாகத்தை நடுவில் தட்டையாக்கி, மூக்கை மட்டும் கத்தி மாதிரி வைத்து, இருபத்து நான்கு அங்குலம் வரைந்திருக்கிறேன். அலை மெதுவாகத் தூக்கி இறக்கும் என்று எழுதினாயே, அந்த ஏற்ற இறக்கத்துக்கு வாலில் எவ்வளவு வளைவு வேண்டும் என்று என் ஏரிக்குச் சொல்லத் தெரியவில்லை. கடலில் நின்றவள் யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால்தான் கோடு போட முடியும்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் நானும் பொய் சொன்னவள் ஆவேன். வந்தால் முதல் நாள் சரியாகப் பேசமாட்டேன், அதற்குத் தயாராக வா. தண்ணீரில் இறங்கு என்று யாரும் சொல்லமாட்டோம்.

சனிக்கிழமை காலை அங்கே பஸ் ஏறினால் சாமராஜநகர் வழியாகப் பிற்பகலுக்குள் வந்துவிடலாம். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமைதான். உன் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன்.

உன் அண்ணி,
கனகா