இடப்பக்கம் வந்த சிவப்புக் கார்

17 பிப்ரவரி 2025, திங்கள்

கார் இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான். இன்றோடு முப்பத்தொன்பது நாள். இடப்பக்க முன்விளக்கு வந்துவிட்டதாம், பெயின்ட் பாக்கியாம்.

காலையில் மூன்று முறை கேட்டைத் திறந்து கார் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தங்கமணி உள்ளே இருந்தபடியே, "பாத்தா வந்துடுமா? வந்து வெங்காயத்த உரிங்க" என்றாள். முப்பத்தாறு வருஷம் கிள்ளானில் கார் ஓட்டியவனுக்கு வெங்காயம்.

18 பிப்ரவரி, செவ்வாய்

நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தேன். இருபது நிமிடம் ஓடியது. மறுபடியும் போகலாமா என்று நினைத்தேன். இன்னொரு பேப்பர் எதற்கு?

22 பிப்ரவரி, சனி

லோஷினி தன் அறைக்குக் கூப்பிட்டாள். அங்கே கட்டிலை விடப் பெரிதாக ஒரு ரேஸ் கார் இருக்கை, ஸ்டீரிங், பெடல்கள், எதிரே ஒரு திரை. முப்பத்து நான்கு வயதுப் பெண், கே.எல். சென்ட்ரலில் பொறுப்பான வேலை. ஞாயிறு மதியம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு யார் யாருடனோ கார்ப் பந்தயம் விளையாடுவதை நான் இதுவரை ஒரு மாதிரிதான் பார்த்துவந்தேன்.

"அப்பா, கை அரிக்குதுல்ல? இதுல உக்காருங்க. யாரை இடிச்சாலும் போலீஸ் வராது."

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குக் கொடுத்த காரின் பெயர் வல்கன். நிஜத்திலும் இருக்கிறதாம். மொத்தம் இருபத்து நான்குதான் செய்தார்கள், ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கென்று. நம்பர் பிளேட் கிடையாது. வாங்கியவர்கூட அதில் கடைக்குப் போக முடியாது. லோரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோய், ஓட்டிவிட்டு, மறுபடி லோரியில் ஏற்ற வேண்டும்.

"அப்புறம் எதுக்கும்மா அது?"

"இதுதான்பா கார். நம்ம வீட்டுல இருக்கிறது போக்குவரத்து."

பின்னால் ஒரு பெரிய இறக்கை. வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டி, உள்ளங்கையின் முன்விளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பார், காற்று கையைக் கீழே தள்ளும். அதேதான். வேகம் கூடக்கூட காற்று இந்தக் காரைத் தரையோடு அழுத்துகிறது. வேகமான வளைவில் பயந்து பாதி மனதோடு போனால் வழுக்கும், நம்பிப் போனால் பிடிக்கும். எனக்கு எல்லா வளைவிலும் வழுக்கியது.

2 மார்ச், ஞாயிறு

லோஷினி சிப்பாங் டிராக்கையே இதில் இறக்கி வைத்திருக்கிறாள். ஐந்தரை கிலோமீட்டர், பதினைந்து வளைவு. பதினைந்தாவதுதான் என் சனி. நீண்ட நேர்சாலையில் முழு வேகத்தில் வந்து, அடித்து பிரேக் போட்டு, இடது பக்கம் கொண்டை ஊசியாகத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு எனக்கு இரண்டு நிமிடம் இருபத்தொன்பது நொடி. அவளுக்கு இரண்டு நிமிடம் எட்டு. இந்த இருபத்தொரு நொடியை எங்கே தொலைக்கிறேன்? அவள் வேலைக்குப் போனதும் தினமும் உட்கார்ந்து தேடுகிறேன்.

8 மார்ச், சனி

சீதாலெட்சுமி வந்தார். ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, கிள்ளானுக்கு அருகே மேருவில் நான் இடது பக்கச் சந்தில் திரும்பியபோது என் காரில் வந்து மோதிய மோட்டார் சைக்கிள்காரர். ஐம்பது வயது இருக்கும். தொழிற்சாலை கேன்டீனில் சமையல். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, ஊன்றுகோலோடு கிரேப் வாடகைக் காரில் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

மன்னிப்புக் கேட்க வந்தாராம்.

"இடிச்சது ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார். முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி. சார் எழுதிக் குடுத்தத போலீஸ்ல வாசிச்சாங்க. நான் திடீர்னு வந்து பூந்தேன்னு. வாத்தியார் பொய்யா எழுதப் போறாரு? நான்தான் ஏதோ யோசனையில வந்திருப்பேன்."

அபராதச் சம்மனும் அவர் பெயருக்குத்தான். மோட்டார் சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறாராம் தம்பி. கேன்டீன் விடியற்காலை ஐந்துக்கு, அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. "கால் ஆறுனாலும் மோட்டோவ தொட மாட்டேன் சார். என் கண்ண என்னாலேயே நம்ப முடியல. வேலைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட வேண்டியதுதான்."

பரவாயில்லைம்மா என்றேன். ஒரு தாளை எடுத்து, காரையும் மோட்டார் சைக்கிளையும் வரைந்து, கார் ஓட்டுபவர் கண்ணுக்குப் படாத இடம் எது, ஏன் அங்கே வரக் கூடாது என்று அம்புக்குறி போட்டு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டு, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நன்றாகத்தானே நடந்துகொண்டேன்? பிறகு ஏன் மாலை முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை?

15 மார்ச், சனி

கார் வந்துவிட்டது! கழுவினேன். மதியம் மறுபடியும் கழுவினேன். திங்கட்கிழமை தங்கமணியை சுங்கை பூலோவில் அவள் அக்காள் வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

16 மார்ச், ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

லோஷினி இன்று என்னையும் பந்தயத்தில் சேர்த்தாள். ஒன்பது பேர், எல்லோருக்கும் வல்கன். அவளோடு வேலை பார்க்கும் பிரவினுக்குச் சிவப்பு. முதல் சுற்றில் பதினைந்தாவது வளைவில் அவனை இடித்துத் தள்ளினேன். மூன்றாவது சுற்றில், அதே இடத்தில், மறுபடியும். ஐந்தாவதில் மறுபடியும்.

ஹெட்செட்டில் கத்தினான்: "அங்கிள்! என் மேல என்ன கோவம் லா உங்களுக்கு?"

"நீ திடீர்னு வந்தேப்பா."

"திடீர்னா? அந்த ரோடு பூரா உங்க பக்கத்துலதான் அங்கிள் வரேன்! கொடி புடிச்சிக்கிட்டு வரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிந்ததும், நான் சொன்னதை நிரூபிக்க அந்த ஓட்டத்தைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னேன். லோஷினி போட்டாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்த அதே காட்சி. சிவப்புக் கார் திரையின் இடது ஓரத்தில், கீழே, எட்டு நொடி முழுக்க இருந்தது. எட்டு நொடி. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தால் தெரியும் அது எவ்வளவு நேரம் என்று.

பேச்சை மாற்ற, "யாரு எங்க வராங்கன்னு மத்தவங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"மேப்பைப் பாத்துதான்."

"எந்த மேப்?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "இடது பக்கம், கீழ் மூலையில. மூணு வாரமா அங்கதானேப்பா இருக்கு."

கண்ணை அங்கே திருப்பினேன். ஆமாம், டிராக்கின் வரைபடம், ஒன்பது புள்ளிகள். மறுபடி சாலையைப் பார்த்தேன். வரைபடம் போய்விட்டது. கறுப்பாக இல்லை. ஓட்டையாகவும் இல்லை. அங்கே வெறும் சாலைதான் இருந்தது.

லோஷினி பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். "நேரா பாருங்கப்பா. எத்தனை விரல் காட்டுறேன்?"

"நீ இன்னும் காட்டலியேம்மா."



அதே நாள்

போலீஸ் ரிப்போர்ட்டின் நகலைத் தேடி எடுத்தேன். மலாயில் நான் சொல்லச் சொல்ல எழுதியது. மோட்டார் சைக்கிள் திபா-திபா வந்தது. திடீரென்று வந்தது. இன்று பிரவினிடம் சொன்ன அதே வாக்கியம்.

அந்த அம்மா எத்தனை நொடி என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்? அதற்கு ரிப்ளே இல்லை.

17 மார்ச், திங்கள்

சாவியை லோஷினியிடம் கொடுத்தேன். சுங்கை பூலோவுக்கு கிரேப்பில் போனோம். "ரெண்டு தடவ காரக் கழுவுனது கிரேப்புல போறதுக்கா?" என்றாள் தங்கமணி. பாதி வழியில் அவளிடம் சொன்னேன். 

27 மார்ச், வியாழன்

பிரிக்பீல்ட்ஸில் கண் டாக்டர். தாடையை ஒரு தாங்கியில் வைத்து நடுவில் உள்ள வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அழுத்தினேன் என்றே நினைத்தேன். தாளில் அச்சடித்து வந்தபோது இரண்டு கண்ணுக்கும் இடது கீழ்ப் பகுதி முழுக்கக் கறுப்பு.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்ல அங்கிள். மூளையோட பின்பக்கத்துல சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்த மாதிரி இருக்கு, ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிடலாம். ஒரு வருஷம்கூட ஆகியிருக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாத எடத்த மூளையே நிரப்பிக்கும்."

"கார்?"

"ரோட்டுல இனிமே வேண்டாம் அங்கிள்."

வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் பூக்கடையின் தண்ணீர் வாளியில் இடித்துக்கொண்டேன். இடது முட்டி. "பாத்து வாங்க அங்கிள்" என்றார் கடைக்காரர்.

29 மார்ச், சனி

ஸ்கேனும் அதையேதான் சொல்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று.

3 ஏப்ரல், வியாழன்

தங்கமணி: "வேணும்னேவா பொய் சொன்னீங்க? தெரிஞ்சத சொன்னீங்க. இப்பப் போயி மாத்திச் சொன்னா ஊரு என்ன பேசும்? கண்ணு தெரியாத வாத்தியாரு ஒரு பொம்பளைய கவுத்துட்டாருன்னு பேசும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் உள்ளுக்குள் சொல்லிக்கொள்வதைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். போன தெருவிலேயே மறுபடி நடக்கிறேன். நடந்தால் மட்டும்? பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்வேன்: தப்பான விடையை ரப்பரால் அழிக்காதே, மேலே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது, எங்கே தப்பினாய் என்று உனக்கும் தெரியட்டும்.

இந்த நோட்டில் ஜனவரி ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, ‘திடீரென்று’ மேல் ஒரு கோடு போட்டேன். நோட்டில் போட்டுவிட்டால் ஆயிற்றா?

8 ஏப்ரல், செவ்வாய்

காவல் நிலையத்துக்கு லோஷினி கூட்டிப் போனாள். விசாரணை அதிகாரி மலாய்க்காரர், முன்பே என்னை ‘சிக்கு’ என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியருக்கான மரியாதை. டாக்டரின் தாளைக் காட்டி, புது ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றேன். "சிக்கு, நிச்சயமாகவா?" என்று மூன்று முறை கேட்டார். தன் மேல் தப்பில்லை என்று மாற்றி எழுத வந்தவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாராம்.

நான் அவரைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். அவர் வரவில்லை என்பது வேறு, நான் பார்க்கவில்லை என்பது வேறு. 

12 ஏப்ரல், சனி

சீதாலெட்சுமி வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டார் சைக்கிள், மேலே பழைய படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து நான் வரைந்து கொடுத்த தாளை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அத்தனை தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"அப்போ இது?"

"தப்பும்மா."

"அப்போ நான் பாத்துத்தான் வந்தேனா சார்?"

"பாத்துத்தான் வந்திருப்பீங்க. உங்க எடத்துல நேரா வந்தீங்க. நான்தான் உங்க மேல திருப்புனேன்."

தாளை என் பக்கம் தள்ளினார்.  "மூணு மாசம் சார். மூணு மாசமா என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். பழம் வாங்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே சார்!"

  உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

19 மே, திங்கள்

சம்மன் என் பெயருக்கு வந்தது. அவர் பெயரில் இருந்தது ரத்து.

22 ஜூன், ஞாயிறு

காரை விற்றாகிவிட்டது. எண்ணெய்க் கறையின் மேல் தங்கமணி துளசித் தொட்டியை வைத்துவிட்டாள்.

பந்தயத்தில் ஏழாவது. லோஷினி வரைபடத்தை வலது மேல் மூலைக்கு மாற்றியிருக்கிறாள். பிரவின் வளைவுக்கு முன்பே கத்துகிறான்: "அங்கிள், இடது பக்கம் நான்! இடது பக்கம் நான் லா!" நான் வழிவிடுகிறேன். நம்பர் பிளேட் இல்லாத கார் இப்போது எனக்குப் பொருத்தம்தான். ஆனாலும் வெளியே யாராவது கார் ஸ்டார்ட் பண்ணினால் வலது கால் தானாக அசைகிறது.

அந்த வீட்டுப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. எப்படிப் போவது?

21 ஆகஸ்ட், வியாழன்

மதியம் மளிகைக் கடை வாசலில் பையோடு நின்றிருந்தேன். இடப்பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, ஆளைக் காணோம். சத்தம் வேகத்தைக் குறைத்து, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு போய், என் வலப்பக்கம் வந்து நின்றது.

சீதாலெட்சுமி. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இந்தப் பக்கம்தானே சார் தெரியும்?"

ஆமாம் என்றேன்.

"கேன்டீன் விட்டு வரேன்." பைக் கூடையில் அவித்த மரவள்ளிக் கிழங்குப் பொட்டலம் ஒன்று இருந்தது. எடுத்து என் பையில் போட்டார். "சூடு ஆறிடும், சீக்கிரம் போங்க." அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

இடது பக்கச் சந்துதான் அவர் வழி. திரும்பும் முன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் மறையும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பி.